வலப்பாதி இல்லாத நூலகம்

எங்கள் ஊர் நூலகம் ஒரு திங்கட்கிழமை காலையில் கைப்பேசி அகலத்துக்கு ஒடுங்கிப்போனது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு எப்படி என்று கேட்பார்கள். எப்படி என்று எங்களுக்கும் தெரியாது, நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவும் இல்லை, ஏனென்றால் அன்றைக்கு எங்களுக்கு இருந்த ஒரே கேள்வி பேப்பர் படிக்கிற மேசை எங்கே போனது என்பதுதான்.

நான் நூலகத்துக்கு நேர் எதிரே செல்போன் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறவன், ஆகையால் நடந்ததை முதலில் பார்த்த கண்களில் என் கண்ணும் ஒன்று. வெளியே இருந்து பார்த்தால் அதே மஞ்சள் சுண்ணாம்புக் கட்டடம், அதே இரும்பு கேட், கேட்டில் யாரோ கட்டிவிட்டுப் போகிற அதே வெள்ளாடு. உள்ளே காலெடுத்து வைத்தால் ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற அகலத்துக்கு ஒரு சந்து, சந்தின் இடப்புறம் எங்கள் பழைய அலமாரிகள், வலப்புறம் நேற்றுவரை இல்லாத ஒரு வெள்ளைச் சுவர். பேப்பர் மேசையும், மின்விசிறி நன்றாகச் சுற்றுகிற மூலையும், மருத்துவம், சட்டம், விவசாயம், போட்டித் தேர்வு என்று பெயர் எழுதிய அலமாரிகளும், ஜன்னல்களும், ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சமும் அந்தச் சுவருக்கு அப்பால் போய்விட்டன. நூலகர் லூர்துமேரி சந்துக்குள் குட்டி மேசையையும் நாற்காலியையும் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம், "பாத்து வாங்க, பை மாட்டிக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முந்தைய நாள்தான் மாவட்டத் தலைநகரில் பந்தல் போட்டு, நாதஸ்வரம் வைத்து, ஒருவர் பொத்தானை அமுக்கி, மாவட்ட நூலகங்களின் புதிய இணையதளத்தைத் தொடங்கி வைத்திருந்தார். இனிமேல் புத்தகம் தேடுவது, உறுப்பினராவது, எடுப்பது, திருப்புவது எல்லாம் அந்த இணையதளத்தில்தான், அதைத் திறந்து காட்டாத யாரையும் நூலகத்துக்குள் விடக்கூடாது என்று உத்தரவும் வந்துவிட்டது. எங்கள் செங்காட்டுப்புதூர் பனியன் கம்பெனி வண்டிகள் விடியுமுன் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகிற ஊர். இங்கே கணினி வைத்திருக்கிற வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், போன் இல்லாத கையைத் தேடினாலும் கிடைக்காது. படிப்பு, பாட்டு, கல்யாணப் பத்திரிகை, எழவுச் செய்தி, எல்லாம் எங்களுக்குப் போனில்தான், அதுவும் மூலையில் கீறல் விழுந்து என் கடையில் கண்ணாடி மாற்றிய போனில். ஊரே அன்று சாயங்காலம் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தது. பக்கத்தின் வலப்பாதி திரைக்கு வெளியே போயிருந்தது, விரலால் இழுத்தால் இழுத்த பக்கம் வராமல் முரண்டு பிடித்தது. போனில் எது தெரிந்ததோ அதுவே மறுநாள் காலையில் கட்டடமாக நின்றது.

ஒருமுறை போனில் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்ட கண்ணுக்கு நூலகம் அவ்வளவுதான், அதற்குப் பிறகு பக்கத்தை எதில் பார்த்தாலும் கட்டடம் மாறவில்லை. போனில் ஒருபோதும் திறந்து பார்க்காதவர்களுக்கு மட்டும் அது பழையபடி அகலமாகவே இருந்தது. அப்படிப்பட்டவர்கள் யார் என்றால், உறுப்பினர் ஆகத் தேவையில்லாதவர்கள், உத்தரவு போடுகிறவர்கள், பெரிய திரைக்கு முன்னால் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து நாள் முழுக்க ஊருக்கு நல்லது செய்கிறவர்கள்.

அந்த இணையதளத்தை அவர்கள் எப்படிச் சரிபார்த்தார்கள் என்று தெரிந்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இணையதளம் செய்த கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு பக்கத்தையும் பெரிய தாளில் கலரில் அச்சடித்து, கோப்பில் கட்டி அனுப்பினார்கள். கோப்பு மேசை மேசையாகப் போனது. ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தாளைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்து, பிரமுகர்களின் படம் இன்னும் பெரிதாக வேண்டும் என்று ஒருவரும், வரவேற்கிறோம் என்ற எழுத்து ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று இன்னொருவரும், தாள் எப்படி ஓடும் என்று யோசிக்காமலே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கடைசி மேசையில் இருந்தவருக்கு வாஸ்துவில் நம்பிக்கை. புத்தகம் தேடுகிற கட்டம் தாளின் இடது ஓரத்தில் இருப்பது ஆகாது, அதை ஈசான மூலைக்குக் கொண்டு போகவும் என்று அவர் எழுதினார். தாளுக்கு ஈசானம் வலது மேல் மூலை. தேடுகிற கட்டம் அங்கே போனது, புகார் செய்கிற பொத்தானும் துணைக்கு அங்கேயே போனது, மங்களகரமாக எல்லாம் முடிந்தது. ஒருத்தராவது சட்டைப்பையில் கிடந்த போனை எடுத்து அதில் ஒருதரம் திறந்து பார்க்கவில்லை.

ஆக, தேடுகிற கட்டமும் சுவருக்கு அந்தப் பக்கம், தேட முடியவில்லை என்று சொல்லுகிற பொத்தானும் சுவருக்கு அந்தப் பக்கம். உள்ளே நுழைந்தால் முதலில் வருவது பிரமுகர்களின் படங்கள்தான், ஆளுயரத்துக்கு மேல் பெரிதாகி வாசலை அடைத்துக்கொண்டு வரிசையாக நிற்கும். அவர்களின் தோளுக்கும் சுவருக்கும் நடுவே வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்து போனால்தான் முதல் அலமாரி. அலமாரியில் புத்தகங்களின் முதுகில் இருந்த எழுத்துகள் எறும்பு அளவுக்குச் சிறுத்திருந்தன. இரண்டு விரலை வைத்து விரித்தால் புத்தகம் பெரிதாகும், ஆனால் கதவளவு பெரிதாகி ஒரே ஒரு எழுத்துதான் தெரியும். அடுத்த எழுத்தைப் பார்க்க நகர்த்தினால் அலமாரியே நகர்ந்து வேறு புத்தகம் வந்து நிற்கும்.

இதை ஊர் என்ன செய்தது என்று கேட்டால், பழகிக்கொண்டது. எங்கள் ஊருக்கு இருக்கிற பெரிய வியாதியே இதுதான். தண்ணீர் வராவிட்டால் குடம் பெரிதாக வாங்குவோம், பஸ் நிற்காவிட்டால் ஓடி ஏறக் கற்றுக்கொள்வோம், நூலகம் சந்தாகிவிட்டால் ஒருக்களித்து நடப்போம். பெண்கள் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு போனார்கள், பருமனான ஆட்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள், ஒரு புத்தகத்தின் பெயரைப் படிக்க மூன்று பேர் சேர்ந்து போகிற வழக்கம் உண்டாயிற்று: ஒருவர் விரலால் விரித்துப் பிடிக்க, ஒருவர் தெரிகிற எழுத்தைக் கூவ, ஒருவர் கூட்டிப் படிப்பார். சமையல் புத்தகம் என்று நினைத்து எடுத்துப் போனது சாலை விதிகளாக இருந்தால் அதையும் படித்தார்கள். காணாமல் போன எல்லாவற்றுக்கும் வலப்பாதிக்குப் போய்விட்டது என்று சொல்கிற பேச்சு வந்தது. வராத ரோடு வலப்பாதியில் இருந்தது, கூடி வந்து நின்றுபோன சம்பந்தம் வலப்பாதியில் இருந்தது, சந்தையில் தொலைந்த ஆட்டுக்குட்டி வலப்பாதியில் மேய்ந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் யாரோ அந்தச் சுவருக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டுப் போனார்கள். சுவரில் காதை வைத்தால் உள்ளே மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. அதை நிறுத்தக்கூட ஒருவருக்கும் வழியில்லை.

மாவட்டத்திலிருந்து ஒரு அறிக்கை வந்தது. புதிய இணையதளம் வந்த பிறகு செங்காட்டுப்புதூரில் புத்தகம் தேடியவர் எவரும் இல்லை, புகார் செய்தவர் எவரும் இல்லை, இதிலிருந்து மக்களிடம் வாசிக்கும் ஆர்வம் குறைந்திருப்பதும் இணையதளம் குறையில்லாமல் இயங்குவதும் தெரியவருகிறது என்று அதில் எழுதியிருந்தது. லூர்துமேரி அதை எங்களுக்குப் படித்துக் காட்டினார். "நான் எழுதிப் போட்டதுக்கெல்லாம் இணையதளம் வழியா அனுப்பவும்னு பதில் வருதுங்க. இவங்கள என்னங்க பண்றது" என்றார். வயிறு எரிந்தது எங்களுக்கு. எரிந்தும் நாங்கள் டீ குடிக்கப் போய்விட்டோம்.

வசந்தாமணி மட்டும் போகவில்லை. அவள் பனியன் கம்பெனியில் தைத்து வந்த பனியன்களில் குறை தேடுகிற செக்கிங் வேலை பார்க்கிறவள், புருஷன் லாரியில் வடக்கே போனால் மாதக் கணக்கில் வரமாட்டான், ஒரே மகள் தன்யஸ்ரீ ஆறாவது படிக்கிறாள். ஆடி மாதத்தில் அந்தப் பிள்ளை திடீரென்று மெலிந்து, குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, ஒருநாள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தபோது, பெரியாஸ்பத்திரியில் பிள்ளைக்குச் சர்க்கரை நோய், இனி தினமும் இன்சுலின் ஊசி போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வசந்தாமணி ஊசி போடக் கற்றுக்கொண்டாள். அவள் கை நடுங்கவில்லை. நடுங்கியவர் வீட்டின் பெரிய மனிதர், அவள் புருஷனின் அண்ணன் ஆறுச்சாமி.

ஆறுச்சாமி கெட்டவர் அல்ல, அதுதான் சிக்கல். கல்யாணம் கட்டாமல் தம்பி குடும்பத்துக்கே உழைத்தவர், அந்தப் பிள்ளையைத் தோளில் போட்டு வளர்த்தவர், தினமும் அது சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டும்போது எழுந்து வெளியே போய்விடுவார். மலையடிவாரத்தில் ஒரு வைத்தியர் இருக்கிறாராம், ஊசியை நிறுத்திவிட்டு ஒரு மண்டலம் கஷாயம் குடித்தால் சர்க்கரை வேரோடு போய்விடுமாம், முதல் நிபந்தனை ஊசியை நிறுத்துவது. ஆறுச்சாமி அங்கே கூட்டிப் போக முடிவு செய்தார். தம்பிக்குப் போன் போட்டுச் சம்மதமும் வாங்கிவிட்டார்.

"நிறுத்தினா புள்ள செத்துப் போயிருமுங்க மாமா. டாக்டரு தெளிவாச் சொல்லியிருக்கறாரு" என்றாள் வசந்தாமணி.

"டாக்டரு அப்பிடித்தான் சொல்லுவாரு. ஊசி விக்கோணுமில்ல."

அவள் போனில் எடுத்துக் காட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதுல பூமி தட்டையா இருக்குதுன்னுங்கூட வருது அம்மிணி. அச்சுப் போட்ட புஸ்தகத்துல, டாக்டரு பேரு போட்டு எழுதியிருந்தாக் காட்டு. நான் வாயத் தொறக்கல" என்றார். அவர் நூலகத்தில் இளவயதிலிருந்து உறுப்பினர், உத்தரவுக்காக எல்லோரையும்போல அந்தப் பக்கத்தைப் போனில் திறந்து சந்துக்கு வந்துவிட்டவர். புத்தகத்தில் இருந்தால் அது சத்தியம் அவருக்கு.

அப்படி ஒரு புத்தகம் இருந்தது. ஆஸ்பத்திரி நர்சு சொன்னார், குழந்தைகளுக்கு வருகிற சர்க்கரை நோயைப் பற்றி ஒரு டாக்டரம்மா தமிழில் எழுதியது, கடைகளில் இப்போது வருவதில்லை, ஆனால் உங்கள் ஊர் நூலகத்திலேயே இருக்கிறது, நான் அங்கே எடுத்துத்தான் படித்தேன் என்று. வசந்தாமணி ஓடினாள். லூர்துமேரி சுவரைக் காட்டினார். "மருத்துவம் அந்தப் பக்கம் வசந்தா. ஜன்னல ஒட்டி, ரெண்டாவது தட்டுல இருக்கு. நான் வெச்ச புஸ்தகம், எனக்குத் தெரியாதா. என் கைக்கே எட்டமாட்டேங்குதே."

வசந்தாமணி கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே இணையதளத்துக்குப் பொறுப்பான அதிகாரி கோகுலகிருஷ்ணன் அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, தன் பெரிய திரையில் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஈசான மூலையில் பெயரை அடித்துக் காட்டினார். "பாருங்கம்மா, இருக்கு. உங்க ஊர்லயே இருக்கு. எல்லாத்தையும் செஞ்சு கொடுத்திருக்கோம். உங்களுக்குத்தான் பாக்கத் தெரியல" என்று சொல்லி, அந்தப் பக்கத்தை அழகாக அச்சடித்து அவள் கையில் கொடுத்து அனுப்பினார். அவள் அதைக் கொண்டு வந்து ஆறுச்சாமியிடம் நீட்டினாள். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேரு இருக்குது. புஸ்தகம் எங்க" என்றார். நியாயமான கேள்விதான். அடுத்த சனிக்கிழமை விடியற்காலைக்கு வேன் சொல்லியாயிற்று.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை எங்கள் நூலகத்தில் ஒரு விழா. சிறந்த நூலக இணையதளம் என்று எங்கோ யாரோ விருது கொடுத்துவிட்டார்கள், அதைக் கொண்டாட அதிகாரிகள் இரண்டு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். அவர்கள் நடந்து போனதை நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம்: கோகுலகிருஷ்ணன் பேசிக்கொண்டே வெள்ளைச் சுவருக்குள் நுழைந்து மறைந்தார், மறுபடி சுவரிலிருந்து வெளியே வந்து மாலையை வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனார், அவருக்குப் பின்னால் மற்றவர்களும் தண்ணீருக்குள் இறங்கி ஏறுகிற எருமைகளைப்போல நிதானமாகப் போய்ப் போய் வந்தார்கள். சுவருக்கு அப்பால் நாற்காலி இழுபடுகிற சத்தமும் கைதட்டுகிற சத்தமும் கேட்டன. எங்களை வாசலில் நிறுத்தி எங்களுக்கும் லட்டு கொடுத்தார்கள்.

கூட்டம் முடிந்து மற்ற அதிகாரிகள் ஜீப்புக்குப் போன பிறகு, மடிக்கணினியைச் சந்தில் இருந்த லூர்துமேரியின் மேசையில் வைத்துவிட்டுக் கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டிருந்த கோகுலகிருஷ்ணன் எதிரே வசந்தாமணி போய் நின்றாள். வேலைக்குப் போகிற அதே சேலை, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. "சார், நீங்க அந்தப் பக்கம் போயிட்டு வர்றீங்கல்ல. போயி அந்த ஒரே ஒரு புஸ்தகத்த எடுத்துக் குடுங்க சார். நாளைக்குக் காலைல எம் புள்ளையக் கொண்டு போறாங்க."

"அப்படிக் கையில எடுத்துக் கொடுக்க முடியாதும்மா. இணையதளத்துல முன்பதிவு பண்ணணும். உங்களுக்கு அன்னிக்கே காட்டினேனே."

"என்ற போன்ல வரலைங்க."

"வரும். எல்லார் போன்லயும் வரும்."

"உங்க போன்ல ஒருக்கா பாத்துச் சொல்லுங்க சார். வந்துச்சுன்னா நான் பேசாம வூட்டுக்குப் போயிர்றேன்."

அவர் சிரித்தார். பொறுமைசாலி என்று காட்டிக்கொள்கிற சிரிப்பு, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாங்க, அந்த அலமாரிக்குப் பக்கத்துல நின்னே காட்டறேன்" என்று சுவருக்குள் நடந்து போனார். உள்ளிருந்து அவர் குரல் வந்தது: "இதோ, மருத்துவ அலமாரிகிட்ட நிக்கறேன். இதோ போனை எடுத்துட்டேன். இதோ திறக்குது." பிறகு சுவரை யாரோ உள்ளிருந்து தட்டினார்கள்.

அவர் திரும்பி வர முடியவில்லை. அவர் கண்ணும் போனில் பார்த்துவிட்டது. பார்த்த கண்ணுக்கு வலப்பாதி என்று ஒன்று கிடையாது, அவரோ அந்த இல்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்தார். ஜீப்பிலிருந்து இறங்கி ஓடி வந்த அதிகாரிகள் அவரைக் காப்பாற்ற உள்ளே போகத் துணிந்தார்கள், ஆனால் பதற்றத்தில் ஒவ்வொருவரும் என்ன ஆயிற்று என்று பார்க்கத் தங்கள் போனை எடுத்து அந்த இணையதளத்தைத் திறந்தார்கள், திறந்தவர்கள் எல்லாம் சுவரில் முட்டிக்கொண்டு நின்றார்கள். எங்களில் சிலர் அவர்களுக்கு எப்படி ஒருக்களித்து நிற்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

அடுத்து நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எங்கள் ஊர் வருஷத்தின் பாதியைச் சந்தில் நடந்து கழித்திருக்கிறது, ஒரு பொறியாளர் எட்டிப் பார்க்கவில்லை. இணையதளத்தில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டுமென்றாலும் டெண்டர் விட வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும், குழு கூட வேண்டும் என்றார்கள். ஒரு அதிகாரி சுவருக்குள் மாட்டிக்கொண்டார் என்று போன் போனதும் கம்பெனிக்காரர்கள் அலறியடித்துக்கொண்டு காரில் ஒரு பொறியாளரை அனுப்பினார்கள், டெண்டர் எங்கே போனது, குழு எங்கே போனது, ஒருவரும் கேட்கவில்லை. பொறியாளர் வந்து லூர்துமேரியின் மேசையில் உட்கார்ந்து, பிரமுகர்களின் படங்களைச் சுருக்கி, தேடுகிற கட்டத்தை இறக்கி, பக்கத்தைப் போன் அகலத்துக்குள் மடக்கிப்போட ஆரம்பித்தார். பெரிய வேலை இல்லை, சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்று அவரே சொன்னார். பெரிய வேலை இல்லையாம்.

அவர் அதைச் செய்துகொண்டிருக்கையில் வசந்தாமணி சந்தனம் பூசிய சுவரில் காதை வைத்து நின்றாள்.

"சார், சாரே. பக்கத்துல மருத்துவம்னு எழுதியிருக்குதுங்களா?"

"இருக்கு. ஆளை வரச் சொல்லுங்க முதல்ல."

"ஆளு வந்துட்டாருங்க, வேல நடக்குது. ஜன்னல ஒட்டி, ரெண்டாவது தட்டு பாருங்க."

உள்ளே கொஞ்ச நேரம் புத்தகங்கள் புரள்கிற சத்தம். "எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு. ஒண்ணும் தெரியல."

"ரெண்டு வெரல வெச்சு விரிங்க சார். ஒரொரு எழுத்தாத்தான் வரும். பழகிரும்."

"நான் இங்க மாட்டிக்கிட்டு நிக்கறேன், நீங்க புத்தகம் கேக்கறீங்களே அம்மா."

"நானும் மாட்டிக்கிட்டுத்தான் சார் கேக்கறேன்."

மறுபடி புத்தகங்கள் புரண்டன. வெகுநேரம் கழித்து, "கிடைச்சுடுச்சு" என்றார். வசந்தாமணி கண்ணை மூடிக்கொண்டாள். லூர்துமேரியைப் பார்த்து, "மேடம், எங்க மாமாவக் கூட்டியாரச் சொல்லுங்க" என்றாள். நான்தான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஆறுச்சாமி அடுத்த நாள் பயணத்துக்குப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார், பக்கத்தில் அந்தப் பிள்ளை தன் பொம்மையை எடுத்துப் போகலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

சுவருக்குள் இருந்த அதிகாரி படிக்க ஆரம்பித்தார். முதலில் சுற்றறிக்கை படிக்கிற குரல், எழுத்தெழுத்தாக விரித்து, கூட்டி, தடுக்கி, மறுபடி முதலிலிருந்து. புத்தகத்தின் பெயரைப் படித்தார், எழுதிய டாக்டரம்மாவின் பெயரையும் அவர் படித்த படிப்பையும் படித்தார், அச்சிட்ட ஊரையும் பாடங்களின் பட்டியலையும்கூடப் படித்தார். சந்தில் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள், வாசலுக்கு வெளியே தெருவரைக்கும் நின்றார்கள், உள்ளே இருக்கிறவர்கள் கேட்டதை வெளியே இருக்கிறவர்களுக்குச் சொன்னார்கள், அப்படியே வரி வரியாக அது ஊருக்குள் போனது. பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை வேறு, பிள்ளைகளுக்கு வருவது வேறு. பிள்ளையின் உடம்பு இன்சுலினைத் தானாகச் சுரப்பதை விட்டுவிட்டது, அதனால் வெளியிலிருந்து கொடுத்தே ஆக வேண்டும். யாரும் செய்த பாவம் அல்ல, தின்ற மிட்டாயால் வந்ததல்ல. இதைக் கேட்டபோது வசந்தாமணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆடிக்கு முந்தின தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த பலகாரத்தால்தான் வந்தது என்று அந்த வீட்டில் எத்தனையோ முறை அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

பிறகு ஊசியை நிறுத்துவதைப் பற்றிய பக்கம் வந்தது. அதிகாரியின் குரல் மாறிவிட்டது, சுற்றறிக்கை போய், ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் சொல்கிற குரலாகிவிட்டது. ஊசியை நிறுத்தினால் முதலில் வாந்தி வரும், வயிறு வலிக்கும், மூச்சு வேகமாக வாங்கும், மூச்சில் அழுகின பழத்தின் வாசனை அடிக்கும், பிள்ளை தூங்குவதுபோலக் கிடக்கும், அது தூக்கம் அல்ல. கஷாயத்தையோ பத்தியத்தையோ நம்பி ஊசியை நிறுத்திய பெற்றோர்கள் என்னிடம் கொண்டுவந்த பிள்ளைகளில் சிலரை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை என்று டாக்டரம்மா எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு உள்ளே இருந்தவர் நிறுத்திவிட்டார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

ஆறுச்சாமி புத்தக அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பிள்ளையைப் பார்க்கவில்லை, வசந்தாமணியைப் பார்க்கவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் பொறியாளர் கையை உதறிக்கொண்டு, "முடிஞ்சுது. இந்தப் பொத்தானை அமுக்கினா சுவர் போயிடும்" என்றார். அதிகாரிகள் எழுந்து நின்றார்கள். "அமுக்குங்க, அமுக்குங்க. சார் வெளிய வரட்டும்" என்று ஒருவர் சொன்னார். வெளியே ஜீப்பை ஸ்டார்ட் செய்து வைத்தார்கள்.

"இருங்க. இன்னும் ரெண்டு பாடம் பாக்கியிருக்குதுங்க" என்றாள் வசந்தாமணி.

"சுவர் போனதும் புத்தகத்தை நீங்களே எடுத்துட்டுப் போலாமேம்மா" என்றார் அந்த அதிகாரி.

"எத்தன நாளா எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டிருக்கறீங்க. இப்பத்தான் ஒருத்தரு படிக்கறாரு. ஊரே கேட்டுட்டு நிக்குது, படிச்சு முடிக்கட்டும்."

"விளையாடறீங்களா? ஒரு அதிகாரி உள்ள இருக்கார்."

"நாங்களுந்தான் சார் இருந்தோம்."

அந்த அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. அவரே பொத்தானை அமுக்கக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். சந்து குறுகலானது, ஒருத்தர் வழியில் நின்றால் இன்னொருத்தர் தாண்ட முடியாது. வழியில் வந்து நின்றவர் ஆறுச்சாமி. அவர் பொறியாளரின் மேசைக்கு முன்னால் ஒருக்களிக்காமல் நேராக, சந்தை முழுவதுமாக அடைத்துக்கொண்டு நின்றார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவர் அதைத் துடைக்கவில்லை.

"படிக்கட்டுங்க" என்றார் அதிகாரியிடம். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, உள்ளே இருக்கிறவருக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார்: "சார், ஊசிய நிறுத்துனா என்னாகும்னு படிச்சீங்கல்ல, அந்தப் பக்கம். அத இன்னொருக்கா படிங்க. மெதுவாப் படிங்க."

பொறியாளர் பொத்தானிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். சுவருக்கு உள்ளே தாள் திரும்புகிற சத்தம் கேட்டது, பிறகு கோகுலகிருஷ்ணன் அந்தப் பக்கத்தை முதல் எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.